சாக்கடையும் சாப்பாடும் – விஞ்ஞானி டாக்டர் வி. சுப்பிரமணியன்

நமது சபையின் பத்திரிகையில் சென்ற சில இதழ்களாக, பல துறைகளில் புகழ் பெற்ற பெரியோர்களின் வாழ்க்கை வரலாறுகள் வந்துகொண்டிருக்கின்றன. சங்கீத வித்வான்கள், வேத பண்டிதர்கள், திவான்கள், நீதிபதிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். இந்த முறை ஆசிரியர் என்னை ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஐம்பது வருஷங்களுக்கு மேலாக என் மனதில் குருஸ்தானத்தில் வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். நான் அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவர் டாக்டர் வி. சுப்பிரமணியன். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் என்று சொன்னால் சிலருக்கு நினைவுக்கு வரலாம்.

அவர் எந்த கிராமம், என்ன கோத்திரம் என்று ஆராய்வது என் நோக்கமல்ல. அவர் செய்த வேலை என்ன, அது ஏன் இன்றைக்கும் நம் வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறது என்பதைச் சொல்லத்தான் ஆசைப்படுகிறேன். அதற்குமுன் என்னைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரம் சாலையில். ராஜா கேசவதாஸ் திவானாக இருந்த காலத்தில் உருவான சாலைக் கம்போளத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம்வரை அரிசி, மிளகு, சுக்கு, வெல்லம், வாழையிலை, பாத்திரம், கயிறு என்று இல்லாத சாமான் இல்லை. என் தகப்பனார் அங்கே ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். ஆரியசாலைப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்வாசலில் பாட்டி போட்ட இழைக்கோலம். கொல்லைப்புறத்தில், சந்தையின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு ஓடும் ஓடை. வாசலில் மடி, கொல்லையில் நாற்றம். இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் ஏழு பேர் குடியிருந்தோம்.

அப்பா அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1942-ஆம் வருஷம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதோடு பர்மா அரிசி நின்றுபோயிற்று. திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பாதியைக்கூட விளைவிக்காத ராஜ்யம். மண்டியில் மூட்டைகள் அடுக்கியிருந்த இடம் வெறும் தரையாகி, எலிகள்கூட வேறு கடை தேடிப் போய்விட்டன என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் சேர்த்தலைப் பக்கம் ஜனங்கள் பட்டினியிலும் வியாதியிலும் மடிந்ததைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வராது. எங்கள் பாட்டி அந்த வருஷங்களில்தான் முதன்முதலாக மரச்சீனிக் கிழங்கை அடுப்பில் ஏற்றினாளாம். அதுவரை அது எங்கள் சமையலறைக்குள் வந்ததில்லை.

நான் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷம் வேலை தேடி அலைந்தபின், 1971-இல் எனக்கு ஓர் அரசு உத்தியோகம் கிடைத்தது. கழிவுநீரைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு அம்மா, பையன் தண்ணீர் இலாகாவில் இருக்கிறான் என்று மட்டும் சொல்வாள். எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதே அவள் கவலை. தினமும் மாலையில் வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறமாகச் சுற்றிப் போய், கிணற்றடியில் ஸ்நானம் செய்து, உடுத்தியிருந்ததை நனைத்துப் பிழிந்து போட்ட பிறகுதான் உள்ளே வரலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சுகாதார முறைப்படி அது சரிதான். ஆனால் ஜாதகம் பொருந்தி எல்லாம் பேசி முடித்த ஒரு சம்பந்தம், என் வேலை என்னவென்று தெரிந்ததும் விட்டுப்போயிற்று. அவர்கள் நல்ல மனுஷர்கள். காரணத்தை மறைக்காமல் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு என் வேலையை நினைத்து நான் வெட்கப்பட்டேன். அதை ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்குக் கூச்சமில்லை.

அந்தச் சமயத்தில்தான், ஒரு நூலகத்தில் பழைய விஞ்ஞானப் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் புகழ்பெற்ற நேச்சர் இதழில் 1942-ஆம் வருஷம் வெளிவந்த ஒரு சிறு கட்டுரை கண்ணில் பட்டது. எழுதியவர்கள் எஸ்.சி. பிள்ளையும் வி. சுப்பிரமணியனும். இடம், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம். விஷயம், சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்வதில் நுண்ணுயிர்களின் பங்கு. பர்மா அரிசி நின்றுபோன அதே வருஷம். நான் அருவருத்துக்கொண்டு செய்த வேலையை, இரண்டு பெரிய விஞ்ஞானிகள் விரும்பிச் செய்து, உலகமே படிக்கும் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து டாக்டர் சுப்பிரமணியனின் வேலைகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் சென்ற நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் பிறந்தவர். 1920-களில் இங்கிலாந்து சென்று ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். கோதுமை விளையும் அந்த தேசத்தில் அவர் எடுத்துக்கொண்ட விஷயம் நம் ஊர் வயல், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் மண். நெல் வயலில் தண்ணீர் கட்டினால் மண்ணுக்குள் என்ன நடக்கிறது? அதிலுள்ள நைட்ரஜன் சத்து எங்கே போகிறது? 1927 முதல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இதைப் பற்றியவை. தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று குறைந்து, அம்மோனியா சேருகிறது என்பதையும், அதில் நொதிகளுக்குப் பங்கு உண்டு என்பதையும் அவர் சோதித்துக் காட்டினார். நெல் வயலின் உயிர்வேதியியலைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் அந்தக் கட்டுரைகளைக் குறிப்பிடுவது வழக்கம்.

ராதம்ஸ்டெட்டில் அந்தக் காலத்தில் இன்னொரு விவாதமும் நடந்துகொண்டிருந்தது. மண்ணில் பாக்டீரியாக்கள் மட்டுமல்ல, அவற்றைவிடப் பெரிய ஒற்றைச் செல் பிராணிகளும் இருக்கின்றன. புரோட்டோசோவா என்று சொல்வார்கள். அவை பாக்டீரியாக்களைத் தின்கின்றன. அதனால் மண்ணுக்கு லாபமா, நஷ்டமா? அந்த நிலையத்தின் இயக்குநராக இருந்த சர் ஜான் ரஸ்ஸல் இதைப் பற்றி 1909-லேயே எழுதியிருந்தார். அந்தப் பேச்சுகளைக் கேட்ட காதுகளோடுதான் சுப்பிரமணியன் இந்தியா திரும்பினார் என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் சாக்கடைத் தண்ணீரில் அவர் எதைத் தேடினார் என்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இப்போது சாக்கடை விஷயத்துக்கு வருவோம். கழிவுநீரைச் சுத்தம் செய்ய இன்று உலகம் முழுவதும் கையாளும் முறைக்கு ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் என்று பெயர். உயிர்ப்புள்ள சேறு என்று சொல்லலாம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் 1914-இல் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். சாக்கடைத் தண்ணீரில் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால் அது சுத்தமாகும். ஆனால் முதலில் அதற்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. அவர்கள் அடியில் படிந்த சேற்றை எறியாமல் வைத்துக்கொண்டு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, புதிய சாக்கடைத் தண்ணீரை ஊற்றிக் காற்றைச் செலுத்தினார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்யச் செய்ய, வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பழைய மோரை விட்டுப் புதிய பாலை உறை குத்துவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல.

அந்த இருவருக்கும் வழிகாட்டியாக இருந்த கில்பர்ட் ஃபௌலர் 1916-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். அவர் தொடங்கி வைத்த உயிர்வேதியியல் பரம்பரையில்தான் சுப்பிரமணியன் பிறகு பேராசிரியரானார். ஃபௌலருக்கும் அவருக்கும் பொதுவான ஒரு பிடிவாதம் இருந்தது. சாக்கடைத் தண்ணீரை ஆற்றில் விட்டுத் தொலைப்பது பாவம். அதிலிருக்கும் நைட்ரஜன், வயலிலிருந்து நெல்லாக, பருப்பாக, காய்கறியாக நம் வீட்டுக்கு வந்தது. அதை வயலுக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். இதுதான் அவர்கள் கட்சி.

அந்தச் சேற்றுக்குள் வேலை செய்வது யார் என்ற கேள்வி எழுந்தது. பாக்டீரியாக்கள்தான் என்று உலகம் பொதுவாக நம்பியது. புரோட்டோசோவாக்கள் வெறும் விருந்தாளிகள், ஏன், வேலை செய்யும் பாக்டீரியாக்களைத் தின்னும் கள்ளர்கள் என்றுகூடச் சிலர் எண்ணினார்கள். பிள்ளையும் சுப்பிரமணியனும் வேறு முடிவுக்கு வந்தார்கள். காம்பில் பூத்த மணியைப் போல இருக்கும் வோர்டிசெல்லா, கொத்துக் கொத்தாக இருக்கும் எபிஸ்டைலிஸ் போன்ற பிராணிகள் பெருகிய தொட்டிகளில்தான் தண்ணீர் பளிங்கு போலத் தெளிகிறது என்று கண்டார்கள். சுத்திகரிப்பில் முக்கியமான பங்கு இவற்றுக்கே என்று 1942-இலும் மறுபடி 1944-இலும் எழுதினார்கள்.

இதை எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் 1960-களில் இங்கிலாந்தில் கர்ட்ஸ் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். புரோட்டோசோவா இல்லாத தொட்டியில் தண்ணீர் கலங்கலாகவே வெளிவந்தது. அவற்றைச் சேர்த்ததும் தெளிந்தது. ஆகவே நம்மவர்கள் சொன்னதில் பெரும் உண்மை இருந்தது. ஆனால் முழு உண்மை இல்லை. அழுக்கைக் கரைத்து உண்ணும் அடிப்படை வேலை பாக்டீரியாக்களுடையதே. தண்ணீரில் தனியாக மிதந்து கலங்கலை உண்டாக்கும் பாக்டீரியாக்களைத் தின்று தெளிய வைப்பது புரோட்டோசோவாக்கள். ஒருவர் சமைப்பவர், இன்னொருவர் பந்தியைத் துடைப்பவர். இரண்டு பேரும் இல்லாமல் விருந்து முடியாது. என் குருவின் தரப்பு கொஞ்சம் மிகைப்பட்டிருந்தது என்று சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது.

சில வருஷங்களுக்குப் பிறகு, வடக்கே ஒரு பயிற்சிக்குப் போனபோது, உயிர்ப்புள்ள சேற்றின் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. அந்த மணிகள் காம்பைச் சுருக்கிச் சுருக்கி நீட்டி, வாயைச் சுற்றியுள்ள மயிரிழைகளைச் சுழற்றித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. கோயில் குளத்தில் நின்று ஆசமனம் செய்கிறவர்களைப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. சாணம் கரைத்த ஜலத்தால் தரையைத் துடைத்து அதைச் சுத்தம் என்று சொன்ன என் பாட்டியின் நினைவும் வந்தது. எது அழுக்கு, எது சுத்தம் என்பது நாம் நினைப்பதுபோல அத்தனை சுலபமான விஷயமல்ல.

சாக்கடையை ஆராய்ந்த இவர் சாப்பாட்டுக்கு எப்படி வந்தார் என்று வாசகர்கள் கேட்கலாம். என் அபிப்பிராயத்தில் அவர் வேறு எங்கும் போகவேயில்லை. வயல் சேற்றில் அவர் தேடியதும் நைட்ரஜன். சாக்கடையில் தேடியதும் அதுவே. உணவில் அதற்குப் புரதம் என்று பெயர். யுத்தமும் 1943-ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சமும் வந்தபோது, கையிலிருக்கும் பொருளிலிருந்து ஜனங்களுக்கு எப்படிப் புரதம் கொடுப்பது என்ற கேள்வி அவசரமாயிற்று. பெங்களூரிலேயே அவரும் சகாக்களும் சோயா மொச்சையிலிருந்து பால் எடுத்து, அதன் போஷாக்கைச் சோதித்துக் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

அந்த உயிர்வேதியியல் துறையில்தான் 1933-இல் கமலா சோஹனி மாணவியாகச் சேர்ந்தார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பெண் என்பதால் அப்போதைய இயக்குநர் சர் சி.வி. ராமன் முதலில் மறுத்தார். பிறகு நிபந்தனைகளோடு அனுமதித்தார். பாலிலும் பருப்பிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்த அந்த அம்மையார், பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். இதை நான் ஏன் குறிப்பிடுகிறேன் என்பது கட்டுரையின் முடிவில் தெரியும்.

1950-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி மைசூரில், அரச குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. அதன் முதல் இயக்குநராக டாக்டர் சுப்பிரமணியன் பொறுப்பேற்று, 1963-வரை நடத்தினார். ராஜகுமாரிக்காகக் கட்டிய மாளிகையில் கடலைப் பிண்ணாக்கும் மரவள்ளி மாவும் ஆராய்ச்சிப் பொருளாயின.

பிண்ணாக்கு என்று கேலியாகச் சொல்லவில்லை. நிலக்கடலையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவதில் ஏறக்குறையப் பாதி புரதம். அதை நாம் மாட்டுக்கும் வயலுக்கும் போட்டுக்கொண்டிருந்தோம். சுத்தமான முறையில் எண்ணெய் எடுத்த கடலை மாவு மூன்று பங்கு, வறுத்த கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கு, அத்துடன் வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து, மைசூரில் ஒரு கலவை தயாரானது. பலநோக்கு உணவு என்று அதற்குப் பெயர். நூறு கிராமில் நாற்பது கிராமுக்கு மேல் புரதம். கஞ்சியிலோ சாம்பாரிலோ தினமும் கொஞ்சம் கலந்தால் போதும் என்பது யோசனை.

நம் ஊரை நினைத்து உண்டாக்கிய பொருள் ஒன்றும் உண்டு. மரச்சீனி மாவு அறுபது பங்கு, கோதுமை ரவை இருபத்தைந்து பங்கு, கடலை மாவு பதினைந்து பங்கு சேர்த்து, அரிசிமணி போல் பிழிந்து உலர்த்தியது. மரவள்ளி மாக்கரோனி என்றும், செயற்கை அரிசி என்றும் சொன்னார்கள். மரச்சீனி வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் மிகமிகக் குறைவு. அரிசி இல்லாத நாட்டில் கிழங்கைத் தின்று உயிர் வாழும் ஏழைக் குழந்தைகளுக்கு அந்தக் குறையைத் தீர்க்கவே கடலை மாவு. அரிசி மண்டியில் வேலை பார்த்த என் அப்பா இதைக் கேள்விப்பட்டபோது, அரிசியை மெஷினில் செய்ய ஆரம்பித்துவிட்டால் சாலையில் நமக்கு என்ன வேலை என்று கவலைப்பட்டார். அந்தக் கவலைக்கு அவசியம் நேரவில்லை. மலையாளிகளும் சரி, நாமும் சரி, அரிசிக்குப் பதில் அதை ஏற்கவில்லை. சோறு என்றால் நெல்லிலிருந்து வரவேண்டும் என்பதில் நம் ஜனங்கள் உறுதியாக இருந்தார்கள்.

நம் ஜனங்கள் ஏற்றுக்கொண்டதும் உண்டு. அப்போது குழந்தைகளுக்கான பால்மாவு வெளிநாட்டிலிருந்து டின்களில் வந்துகொண்டிருந்தது. இந்தியாவில் அதிகம் கிடைப்பது எருமைப்பால். பசும்பாலில் கொழுப்பு சுமார் நான்கு சதவீதம் என்றால், எருமைப்பாலில் ஏழு சதவீதம். தயிராகும்போது கெட்டியாகவும் உறையும். பச்சிளங்குழந்தைக்கு அது ஜீரணமாகாது, எருமைப்பாலில் குழந்தை உணவு தயாரிக்கவே முடியாது என்பது மேல்நாட்டு நிபுணர்களின் தீர்ப்பு. மைசூர் நிலையம் கொழுப்பைக் குறைத்து, உறையும் தன்மையை மிருதுவாக்கி, வைட்டமின் சேர்த்து வழி கண்டது. அந்த முறைப்படி 1960-இல் அமுல் குழந்தை உணவு சந்தைக்கு வந்தது. சாலைக் கடைகளில் அந்த டின்கள் அடுக்கியிருந்ததைச் சிறு பையனாக நான் பார்த்திருக்கிறேன். காலி டின்னில் பாட்டி கடுகு போட்டு வைத்தாள்.

புழுங்கலரிசியிலும் அந்த நிலையத்தின் கை இருக்கிறது. பழைய முறையில் நெல்லை இரண்டு மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அது புளித்து நாறும். அரிசியிலும் அந்த வாடை ஏறும். சுமார் 70 டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, பிறகு ஆவி காட்டினால் வாடை இல்லாமல் நல்ல அரிசி கிடைக்கும் என்று மைசூரில் முறை வகுத்தார்கள். நெல் வேகும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின் அரிசிக்குள் இறங்குவதால் பெரிபெரி வியாதி அண்டாது என்பதும் உண்மை.

எல்லாம் வெற்றி என்று சொன்னால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது, வாழ்த்துப் பத்திரமாகிவிடும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. தீனியிலிருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சக்காளானின் விஷமே காரணம் என்று தெரிந்தது. அஃப்லாடாக்ஸின் என்று அதற்குப் பெயர். கடலை மாவை நம்பிய திட்டங்களுக்கு அது பெரிய அடி. அதன்பின் 1970-களில் இன்னொரு கேள்வி வந்தது. நம் குழந்தைகளுக்குக் குறைவது புரதமா, அல்லது மொத்தத்தில் சாப்பாடே போதவில்லையா? ஹைதராபாத்தில் டாக்டர் சி. கோபாலனும், புள்ளிவிவர நிபுணர் பி.வி. சுகாத்மேயும், வழக்கமான சாப்பாட்டையே வயிறார கொடுத்தால் பெரும்பாலும் புரதமும் போதிய அளவு கிடைத்துவிடும் என்று வாதித்தார்கள். தனியாக ஒரு புரத மாவைக் கண்டுபிடித்துப் பசியைத் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை தளர்ந்தது. டாக்டர் சுப்பிரமணியனின் காலத்து விஞ்ஞானிகள் பலரும் அந்த நம்பிக்கையில்தான் உழைத்தார்கள். ஆனால் எறியும் பொருளில் போஷாக்கைத் தேடு என்ற அவர்களுடைய பாடம் பொய்யாகவில்லை.

மைசூரிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் வீட்டில் உட்காரவில்லை. 1960-களின் நடுவில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய காலப் பயிர் பரவியது. அமோக விளைச்சல். ஆனால் அறுவடை, வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரத்தில் வந்தது. களத்தில் கிடந்த நெல் நனைந்து முளைத்து, அழுகிப் போயிற்று. அதற்கு வழி தேட 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் அமைந்தது. உலகம் அறிந்த விஞ்ஞானி, ஈர நெல்லைக் காப்பாற்றும் வேலைக்காக அங்கே வந்து தலைமை ஏற்றார். ராதம்ஸ்டெட்டில் ஈர மண்ணில் தொடங்கிய வாழ்க்கை, காவிரிக் கரையில் ஈர நெல்லில் வந்து நின்றது. அந்தச் சிறிய கூடம்தான் வளர்ந்து, பெயர்கள் மாறி, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. 1970-களின் இறுதியில் அவர் மறைந்தார். அந்தச் செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் என் மேஜைக்கு முன்னால் ஒரு நிமிஷம் எழுந்து நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. நான் பரிசோதித்த தண்ணீரை நான் எடுத்ததில்லை. குழிக்குள் இறங்கி எடுத்துக் கொடுக்க ஒருவர் இருந்தார். அவர் பாட்டிலை நீட்டுவார், நான் துடைத்து எண் எழுதி, 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து, ஆக்ஸிஜன் எவ்வளவு குறைந்தது என்று கணக்கு எழுதுவேன். ஒரு தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாட்டி கொல்லைப்புறத்தில் நிற்கச் சொல்லி, பட்சணத்தை இலையில் சுற்றித் தூரத்தில் வைத்தாள். அவர் எடுத்துக்கொண்டு சிரித்த முகமாகப் போனார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சம்பந்தம் விட்டுப்போனதற்கு வருத்தப்பட்ட எனக்கு, அவருடைய வருத்தம் தெரியாமல் போனது எப்படி என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. எனக்குக் கிணற்றடியில் குளித்தால் போயிற்று. அவருக்கு எத்தனை குளித்தாலும் போகவில்லை.

நம் நகரத்தில் கழிவுநீர் வெகுகாலம் வலியதுறைப் பக்கத்துப் பண்ணைக்குப் போய்ப் புல் வளர்த்தது. இன்று முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டர் சுத்தம் செய்யக்கூடிய நிலையம் இருக்கிறது. ஆனால் எல்லாக் கழிவும் அங்கே போய்ச் சேருவதில்லை. 2024 ஜூலையில், தம்பானூரில் ரயில் பாதைகளுக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். எங்கள் சாலையிலிருந்து நடக்கும் தூரம். மனிதரைக் குழிக்குள் இறக்கக்கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. இதே திருவனந்தபுரத்து இளைஞர்கள் மனிதருக்குப் பதிலாகக் குழியில் இறங்கும் பான்டிகூட் என்ற இயந்திரத்தைச் செய்து, 2018-இல் இந்த நகரத்திலேயே இறக்கிக் காட்டினார்கள். அறிவு இருக்கிறது. அதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும் மனது இன்னும் வரவேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு குடும்ப விஷயம். என் பேத்தி இந்த வருஷம் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கவேண்டும், அதிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புதான் வேண்டும் என்று நிற்கிறாள். என் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்க்க ஆசை. மாட்டுப்பெண் என்னிடம் தனியாக வந்து, நாலு பேர் கேட்டால் என்னவென்று சொல்வது, நீங்களே கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கோப்பா என்றாள். ஐம்பது வருஷத்துக்கு முன் என் அம்மாவுக்கு இருந்த அதே கவலை. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நான் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சாலைக்குப் போனேன். எங்கள் பழைய வீடு இருந்த சந்தில் இப்போது ஒரு கிடங்கு இருக்கிறது. பின்பக்கத்து ஓடை மட்டும் அப்படியே ஓடுகிறது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கயிறு கட்டி, அவளே இறக்கித் தண்ணீர் எடுத்தாள். மூக்கைப் பொத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைக் கொல்லையில் வைத்துவிட்டு, குளித்துவிட்டு, தன் அம்மாவிடம் டாக்டர் சுப்பிரமணியன், கமலா சோஹனி கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் எடுத்துச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அச்சாகும்போது அவள் எந்தப் படிப்பில் சேர்ந்திருப்பாள் என்பது தெரிந்துவிடும். நாலு பேர் கேட்டால் எந்தத் தண்ணீர் என்று மறைக்காமல் சொல்ல நான் இப்போது தயார். நம் அங்கத்தினர்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை ஆசைப்பட்டால், தயவுசெய்து தடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.